நான் துடைத்த முந்நூற்றுப் பன்னிரண்டு மூச்சுகள்

இந்தப் பத்தாம் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, மேசைமணியின் மேல் விரலை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் மாண்புமிகு துணைவேந்தர் அவர்களே! பத்தாண்டுகளுக்கு முன்பு இந்தப் பட்டப்படிப்பைப் பெற்றெடுத்துப் பெயர் சூட்டிய கல்விக்குழுப் பெரியவர்களே! பொறியியல் கட்டடத்திலிருந்து வந்து இடப்பக்கமும், ஊடகக் கட்டடத்திலிருந்து வந்து வலப்பக்கமும் அமர்ந்து, பத்தாண்டுகள் ஆகியும் பக்கம் மாறி உட்காரப் பழகாத என் சக ஆசிரியப் பெருமக்களே! பிள்ளையை இங்கே படிக்க அனுப்பிவிட்டு, ‘என்னதான் படிக்கிறது?’ என்று கேட்ட அக்கம்பக்கத்தாருக்கு விளக்கம் சொல்லத் தெரியாமல் நான்கு ஆண்டுகள் விழித்த தாய்மார்களே! தந்தைமார்களே! இடம் கிடைக்காமல் படிக்கட்டில் நின்று கேட்கும் மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவரின் முன்னும் கைகூப்பி நிற்கிறேன். வணக்கத்துக்காகக் கூப்பிய கை மட்டுமல்ல இது. ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

தகவல் பொறியியலும் படைப்பு ஊடகமும்! சொல்லும்போதே வாய் நிறைகிறது. ஒரு கண்ணில் கணக்கு, மறு கண்ணில் கனவு. ஒரு கையில் கணினி, மறு கையில் கலை. காலையில் கட்டளை எழுதும் கரம், மாலையில் காட்சி எழுதும் கரம். இப்படி ஒன்பது பக்கம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். எனக்கே என்னை முதுகில் தட்டிக்கொடுக்கத் தோன்றும் அளவுக்கு மோனை விழுந்திருக்கிறது. ஆனால் அதை நான் இன்று படிக்கப் போவதில்லை.

யாரோ கைதட்டுகிறீர்கள். பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும் என்ற மகிழ்ச்சி போலிருக்கிறது. பொறுங்கள் ஐயா, முடியாது.

சற்று முன் நம் தலைவர் முழங்கினாரே, கேட்டீர்களா? ‘முதல் அணியில் சேர்ந்தவர்கள் இருபத்திரண்டு பேர், பட்டம் பெற்றவர்கள் இருபத்திரண்டு பேர், நூற்றுக்கு நூறு’ என்றாரே! அரங்கமே அதிர்ந்ததே! விழா மலரின் முதல் பக்கத்திலும் அதே எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். தலைவர் மீது பிழையில்லை, மலர்க்குழு மீதும் பிழையில்லை. அந்த எண்ணை எழுதிக் கொடுத்தவன் நான். அது பொய். சேர்ந்தவர்கள் இருபத்து மூன்று பேர்.

இருபத்து மூன்றாவது ஆள் எங்கே? படிப்பு வரவில்லையா? பாதியில் ஓடிப்போனாரா? இல்லை. அந்த அணியிலேயே நன்றாகப் படித்தவர் அவர்தான். இன்று காலை இந்த அரங்கில்தான் அவரைப் பார்த்தேன். அழைப்பிதழ் பெற்று வந்தவராக இல்லை. ஒலிபெருக்கி வாடகைக்கு எடுத்தோமே, அந்த நிறுவனத்தின் ஆளாக வந்திருந்தார். என் சட்டையில் மைக்கைக் குத்திவிட்டவர் அவர். ஆறு ஆண்டுகளாகப் பார்க்காத முகம்.

“நல்லா இருக்கியாம்மா?” என்றேன்.

“இருக்கேன் சார். பேசும்போது நெஞ்சைத் தட்டிப் பேசாதீங்க, டம்டம்னு கேக்கும். எங்க, ஒன் டூ த்ரீ சொல்லுங்க.”

ஒன் டூ த்ரீ சொன்னேன். முப்பது ஆண்டுகள் வகுப்பெடுத்த வாய், மூன்று எண்ணைச் சொல்வதற்குள் திக்கியது. “சரியா இருக்கு சார்” என்று சொல்லிவிட்டு ஒயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அதோ, கடைசியில், ஒலிமேசைக்குப் பின்னால் காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருப்பவர் அவர்தான். எல்லோரும் திரும்பிப் பார்க்காதீர்கள், தயவுசெய்து. அவர் வேலையில் இருக்கிறார். நான் இனிமேல் சொல்லப்போகும் எதுவும் அவருக்கும் இதுவரை தெரியாது. மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கும் என் மனைவிக்கும் தெரியாது.

மாணவர்களே, எனக்கு நீங்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் எனக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? ‘மில்லிசெகண்ட்.’ சிரியுங்கள், பரவாயில்லை, பொருத்தமான பெயர்தான். எந்தச் செயலியைக் காட்டினாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை மில்லிசெகண்ட்?’ பொத்தானை அழுத்தியதும் பதில் வர வேண்டும். நடுவில் தாமதம் இருந்தால் அது குற்றம். ஒலியில் இரைச்சல் இருந்தால் அது அழுக்கு. அப்படித்தான் கற்றேன், அப்படித்தான் கற்பித்தேன், அப்படித்தான் ஒரு வீட்டின் குரலைப் பறித்தேன்.

இந்தப் படிப்பின் இறுதியாண்டுத் திட்டம் எப்படி நடக்கும் என்பது பெற்றோருக்குத் தெரிய வேண்டும். மாணவர் ஒரே படைப்பைத்தான் செய்வார். அதற்கு ஓர் அறிக்கை எழுதுவார். அறிக்கையில் இரண்டு பகுதி. முதல் பகுதி, அது எப்படி இயங்குகிறது என்பது. அது எங்கள் கட்டடத்துக்கு. இரண்டாம் பகுதி, அது எதற்காக இருக்கிறது என்பது. அது அந்தக் கட்டடத்துக்கு. காலையில் நாங்கள் மதிப்பிடுவோம், ஐம்பது மதிப்பெண். மாலையில் அவர்கள் மதிப்பிடுவார்கள், ஐம்பது மதிப்பெண். இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஒரு நடைபாதை, அதில் கண்ணாடி பதித்த ஒரு கதவு. இணைந்த படிப்பு என்று பெயர் வைத்துவிட்டு, நாங்கள் எங்கள் பாதியைப் படித்தோம், அவர்கள் தங்கள் பாதியைப் படித்தார்கள். முழு அறிக்கையையும் படித்தவர் யார் தெரியுமா? அதை எழுதிய மாணவர் மட்டும்தான்!

இன்னொரு விதியும் உண்டு. அது என் கைவண்ணம். படைப்புக்கான கோப்புகள் எல்லாம் ஆய்வகத்தின் சர்வரில் மட்டுமே இருக்க வேண்டும், ஒரே நகல், வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. ஒருவர் வேலையை இன்னொருவர் வாங்கி ஒட்டிவிடுவார்கள் என்று பயந்து எழுதிய விதி. தேர்வு வாரத்தின் திங்கட்கிழமை நண்பகலோடு கோப்புகளுக்குப் பூட்டு. அதற்குப் பிறகு மாணவர் கை வைக்க முடியாது. ஆசிரியர் கை வைக்கலாம், ஆனால் வைக்கக் கூடாது.

அந்த மாணவியின் தந்தை பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். இருபது ஆண்டுகள் ஒலிபெருக்கியில் பேருந்துகளின் வரவையும் புறப்பாட்டையும் சொன்னவர். தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. அதன் பிறகு எது சொல்ல வேண்டுமானாலும் தாளில் எழுதிக் காட்டுவார். மகள் என்ன செய்தார்? நிலையத்தின் பழைய கணினியில் கிடந்த தந்தையின் அறிவிப்புப் பதிவுகளை எல்லாம் கேட்டு வாங்கி வந்தார். அவற்றிலிருந்து ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வோர் அசையாக நான்கு மாதம் வெட்டினார். முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். தந்தை விசைப்பலகையில் தட்டினால், அந்தத் துண்டுகள் கூடி, தந்தையின் சொந்தக் குரலிலேயே பேசும். பேரனுக்குச் சொன்னாலும் அந்தக் குரல், பால்காரரிடம் சொன்னாலும் அந்தக் குரல்! இதைவிட இணைந்த படிப்பு எது? இதைவிடப் பொருத்தமான படைப்பு எது?

நான் அதன் முதல் பகுதியைப் படித்தேன். அசந்துபோனேன். அவ்வளவு சுத்தமான கட்டளைகள். திங்கட்கிழமை மாலை, பூட்டு விழுந்த பிறகு, ஆசை தாங்காமல் அந்தக் கோப்புறையைத் திறந்து ஓட்டிப் பார்த்தேன். பொத்தானை அழுத்தினால் பதில் வர இரண்டு நொடி! ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் ஒரு ‘ஹ்ஹ்’ இரைச்சல்! எனக்குப் பதறியது. இவ்வளவு நல்ல பிள்ளை இதைச் சுத்தம் செய்ய மறந்துவிட்டாளே, வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவாரே என்று பதறியது. இரைச்சலைத் துடைத்து, தொடக்கத்துத் தாமதத்தையும் வெட்டித் தரும் ஒரு மென்பொருளைத் திறந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டுகளையும் தேர்ந்தெடுத்தேன். ‘புதிய கோப்பாகச் சேமிக்கவா, பழையதன் மேலேயே எழுதவா?’ என்று கேட்டது. சர்வரில் இடம் குறைவு. ‘மேலேயே எழுது’ என்று அழுத்தினேன். நாற்பது நொடியில் முடிந்தது. பாசத்தில் செய்தேன், ஐயா! பகையில் செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க மாட்டேன்.

புதன்கிழமை காலை எங்கள் அமர்வு. பதில் நேரம் முந்நூறு மில்லிசெகண்ட். வெளி மதிப்பீட்டாளர் புருவம் உயர்த்தினார். ஐம்பதுக்கு நாற்பத்தாறு. அந்த அமர்வில் விசையைத் தட்டியது நான். மாணவி பின்னால் நின்று கேள்விகளுக்குப் பதில் சொன்னார். இரண்டே இரண்டு சொல் தட்டி, நேரத்தைக் குறித்துக்கொண்டு முடித்துவிட்டோம். எங்களுக்குக் குரல் தேவையில்லையே, எண்தானே தேவை! மாணவியின் முகத்தில் ஒரு குழப்பம் ஓடியதைப் பார்த்தேன். தேர்வுப் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் ஊடக அமர்வு. அங்கே மதிப்பிட்டவர், படத்தொகுப்புக் கற்றுத்தரும் அம்மையார். மாணவர்கள் வைத்த பெயர் ‘கத்தரி மேடம்’. அவரும் இந்த அவையில் இருக்கிறார். பெயரை வெளியில் சொன்னதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் மாணவியின் வெற்றியை வேடிக்கை பார்க்கலாம் என்று நடைபாதைக் கதவின் கண்ணாடி வழியாக எட்டிப்பார்த்தேன். நடுவில் ஒரு மேசை, ஒரு விசைப்பலகை. அதன் முன்னால் இஸ்திரி போட்ட சட்டையில், முதுகை நிமிர்த்தி, மகளின் தேர்வைத் தானே எழுத வந்தவர்போல அந்தத் தந்தை.

அவர் தட்டினார். குரல் வந்தது. சட்டென்று வந்தது, சடசடவென்று வந்தது. அவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். மகள் ஒலிபெருக்கியைப் பார்த்தார். அவர் மறுபடியும் தட்டினார். மறுபடியும் அதே வேகம். மூன்றாவது முறை ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி, அழுத்தி அழுத்தித் தட்டினார். எத்தனை முறை தட்டினால் என்ன? இல்லாதது எங்கிருந்து வரும்?

கத்தரி மேடம் அறிக்கையைப் புரட்டினார். “எழுதினதுல பாதி இதுல இல்லையேம்மா” என்றார். “வார்த்தை எல்லாம் இருக்கு. ஆள் இல்லை.” ஐம்பதுக்குப் பதினான்கு. தேற இருபது வேண்டும். அவர் நேர்மையாகத்தான் போட்டார். தனக்குக் கேட்டதற்குப் போட்டார்.

எது இல்லை? என்ன இல்லை? அன்று மாலைதான் முதன்முறையாக அந்த அறிக்கையின் இரண்டாம் பகுதியைத் திறந்தேன். நாற்பத்தோராம் பக்கம். அதை அப்படியே மனப்பாடமாகச் சொல்வேன். ‘என் தந்தை நல்ல செய்தி சொல்லும்போது மூச்சு கேட்டும் கேட்காமலும் சொல்வார். பேருந்து தாமதம் என்றால் ஒரு சிறிய மூச்சு எடுத்துச் சொல்வார். பேருந்து வராது என்றால் ஒரு நீண்ட மூச்சு எடுத்துவிட்டுத்தான் சொல்வார். அந்த மூச்சு ஒலிபெருக்கியில் கேட்டதுமே, அவர் சொல்வதற்கு முன்பே, பெஞ்சில் இருப்பவர்கள் பையைத் தூக்க ஆரம்பித்துவிடுவார்கள். யாரும் அவரோடு சண்டைக்குப் போனதில்லை. இந்த இயந்திரம் பேசுவது அவர் சொற்களை அல்ல, அவர் மூச்சை.’

கேட்டீர்களா, பெரியோர்களே! கேட்டீர்களா, தாய்மார்களே! தாமதம் என்று நான் வெட்டியது தயக்கம். இரைச்சல் என்று நான் துடைத்தது இரக்கம். கெட்ட செய்தியைச் சொல்லும் முன் ஒரு மனிதன் எடுத்துக்கொண்ட அந்த ஒரு கணத்தை, நான் முந்நூற்றுப் பன்னிரண்டு முறை துடைத்துச் சுத்தமாக்கி வைத்திருந்தேன். என் பாதியைப் படித்தேன், அவள் பாதியைப் படிக்கவில்லை. இருபது தாள் தள்ளிப் புரட்டியிருந்தால் போதுமே! யார் தடுத்தார்கள் என்னை?

இதுவரை சொன்னது தவறு. இனிச் சொல்லப்போவது குற்றம். தவறு எல்லோரும் செய்வோம் என்று சொல்லி நீங்கள் என்னை மன்னித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் மேற்கொண்டு பேசுகிறேன்.

அமர்வு முடிந்ததும் நடைபாதையில் அந்தப் பெண் என்னிடம் ஓடிவந்தார். “சார், திங்கக்கிழமை காலைல வரைக்கும் இருந்துச்சு சார். நான் கேட்டுட்டுத்தான் சப்மிட் பண்ணேன். யாராவது என் ஃபைலைத் தொட்டாங்களா சார்?”

என் கை பட்டதால்தான் இது என்று எனக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. ‘நான்தான் தொட்டேன்’ என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அளப்பதில்தான் நான் வல்லவன் ஆயிற்றே, சொல்கிறேன். ஒரு நொடிகூட ஆகாது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பூட்டினதுக்கு அப்புறம் யாரும் தொட முடியாதும்மா. ரூல் தெரியும்ல? உன் ப்ரோகிராமை நல்லா செக் பண்ணு” என்றேன். நான் எழுதிய விதிக்குப் பின்னாலேயே நான் ஒளிந்துகொண்டேன். அவருக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, அவர் தந்தை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து ஆய்வகப் பொறுப்பாளர் என் அறைக்கு வந்தார். ‘ஒயர் அண்ணன்’ என்றால்தான் உங்களுக்குத் தெரியும். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

“சார், சர்வர் பதிவுல பார்த்தேன். திங்கக்கிழமை சாயந்திரம் அஞ்சு பத்துக்கு உங்க பேர்லதான் இருக்கு. பயப்படாதீங்க. போன வார நகல் இன்னும் இருக்கு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் புது நகல் எடுக்கிற வரைக்கும் இருக்கும். நீங்க ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தீங்கன்னா அந்தப் பொண்ணோட துண்டு முன்னூத்திப் பன்னெண்டையும் அப்படியே மீட்டுத் தந்துடறேன். யாரு, எதுக்குன்னு ரெண்டு வரி எழுதணும், அவ்வளவுதான்.”

“பார்க்கலாம்” என்றேன்.

புதன் மாலையிலிருந்து வெள்ளி மாலை வரை, இரண்டு நாள். இரண்டு வரி எழுத இரண்டு நாள் இருந்தது எனக்கு! அடுத்த வாரம் அங்கீகாரக் குழு வருகிறது. முதல் அணி, முதல் தேர்வு. ஆசிரியரே மாணவர் கோப்பில் கை வைத்தார் என்று வெளியே தெரிந்தால் தேர்வே செல்லாது என்பார்கள், படிப்பையே மூடு என்பார்கள், இருபத்திரண்டு பேர் வாழ்க்கை என்னாவது? இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டப்படிப்பைக் காப்பாற்றுகிறேன் என்றே நம்பிக்கொண்டேன். பச்சைப் பொய். எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். மில்லிசெகண்ட் சாருக்குத் தவறு நேர்ந்தது என்று நாலு பேர் பேசுவார்களே என்று கூச்சமாக இருந்தது.

வெள்ளி மாலை ஐந்து மணிக்கு ஒயர் அண்ணன் மறுபடியும் வந்து வாசலில் நின்றார். கேட்கவில்லை, நின்றார். நான் தாள் திருத்துவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன். ஆறு மணிக்குப் புதிய நகல் பழைய நகலின் மேல் ஏறியது. அத்தோடு அந்த மூச்சு இந்த உலகத்தில் எங்கும் இல்லை. பேருந்து நிலையத்தில் தானியங்கி அறிவிப்பு வந்துவிட்டதால் பழைய கணினியைக் கழித்துக்கட்டியிருந்தார்கள். மகளிடம் நகல் இல்லை. ஏன் இல்லை? நான் போட்ட விதி! மற்ற இருபத்திரண்டு பேரும் திருட்டுத்தனமாகப் பென்டிரைவில் ஒரு நகல் வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பிறகு தெரிய வந்தது. என் விதியை மதித்து நடந்த ஒரே மாணவி அவர்தான்.

அடுத்த ஆண்டு மறுபடியும் செய்யலாம் என்றது பல்கலைக்கழகம். எதை வைத்துச் செய்வார்? அவர் வரவில்லை. நாங்கள் அவர் பெயரைச் சேர்க்கைப் பட்டியலிலிருந்தே எடுத்தோம். எடுத்தோம் என்ன, எடுத்தேன். நூற்றுக்கு நூறு கிடைத்தது.

அந்த வெள்ளிக்குப் பின் வந்த திங்கட்கிழமை ஒயர் அண்ணன் அந்தச் சர்வர் பதிவை ஒரு தாளில் அச்செடுத்து என்னிடம் தந்தார். “நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன் சார். நீங்க கொடுப்பீங்கன்னு வெச்சுக்கோங்க” என்றார். ஆறு ஆண்டுகள் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. பேனா எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அதன் ஓரம் தெரியும். பேனாவை எடுத்துக்கொண்டு மூடிவிடுவேன்.

மணி அடிக்கிறது. தலைவர் அவர்களே, பொறுத்தருளுங்கள். ஆறு ஆண்டுகள் வாய் மூடி இருந்தவனுக்கு இன்னும் ஆறு நிமிடம் தாருங்கள்.

இதோ அந்தத் தாள். இதோ, இன்று காலை அந்த மைக் குத்தப்பட்ட பிறகு, பின்னறையில் உட்கார்ந்து நான் எழுதிய கடிதம். முதல் அணியின் இருபத்து மூன்றாவது மாணவிக்கு ஊடக அமர்வில் கிடைத்த பதினான்கு மதிப்பெண், ஆசிரியர் ஒருவரின் அத்துமீறலால் வந்தது. அந்த மதிப்பீடு செல்லாது. அறிக்கையின் இரண்டு பகுதிகளையும் இரு துறையும் சேர்ந்து ஒரே அறையில் உட்கார்ந்து முழுவதும் படித்து, அவருக்குரிய பட்டத்தை வழங்க வேண்டும். என் மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் கட்டுப்படுகிறேன் என்று எழுதியிருக்கிறேன். தலைவர் அவர்களே, இரண்டையும் தங்கள் கையில் தருகிறேன். சற்று முன் எனக்குத் தந்த நினைவுக் கேடயத்தை இந்த மேசையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.

கைதட்டாதீர்கள். வேண்டாம், ஐயா. காலம் கடந்து உண்மை பேசுகிறவனுக்குக் கைதட்டினால், நேரத்தில் பேச வேண்டியவன் எப்போது பேசுவான்?

அம்மா, ஒலிமேசையில் இருக்கும் என் மாணவியே. உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இத்தனை பேர் முன்னால் கேட்டால், நீ கொடுத்தே ஆக வேண்டும் என்று ஆகிவிடும். அந்த நெருக்கடியையும் உனக்கு நான் தரக் கூடாது. நீ என்ன சொன்னாலும், சொல்லாவிட்டாலும்…

என்ன? கை தூக்குகிறாயா? அங்கே ஒரு மைக் இருக்கிறதா? பேசும்மா. எல்லோரும் கொஞ்சம் அமைதியாக இருங்கள். பேசும்மா.

…

பின்னால் இருப்பவர்களுக்கும் படிக்கட்டில் நிற்பவர்களுக்கும் கேட்டிருக்காது. அவர் குரல் தாழ்ந்துவிட்டது. அவர் சொன்னதை நான் திருப்பிச் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்கு அது கேட்டது என்பதற்காகவாவது சொல்ல வேண்டும்.

“சார், எங்கப்பா போன வருஷம் தவறிட்டாரு. அன்னைக்குத் தான்தான் தப்பா அழுத்திட்டோம்னு கடைசி வரைக்கும் நெனச்சுக்கிட்டிருந்தாரு. ‘கை நடுங்கிடுச்சு, உன் பரீட்சையைக் கெடுத்துட்டேன்’னு எத்தனை தாள்ல எழுதிக் காட்டினாரு தெரியுமா? அதுக்கப்புறம் அந்தக் கீபோர்டைத் தொடவே இல்ல. ‘இல்லப்பா, அப்படி இல்ல’ன்னு வாயாலதான் சொன்னேன் சார். மனசுல நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

…

அவைத் தலைவர் அவர்களே, மணி அடிக்க வேண்டாம். நானே முடித்துக்கொள்கிறேன். இது எனக்குத் தெரியாது. என் குற்றம் எவ்வளவு என்று ஆறு ஆண்டுகளாக அளந்து வைத்திருந்தேன். ஒரு பட்டம், ஒரு குரல் என்று அளந்தேன். தந்தைக்கும் மகளுக்கும் நடுவில் ஒன்றைப் போட்டுவிட்டு வந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

அவர் இன்னொன்றும் சொன்னார். “பட்டத்தை அப்புறம் பாத்துக்கலாம் சார். முதல்ல அதை எழுதிக் குடுங்க. எங்கம்மாகிட்ட காட்டணும்” என்றார்.

கடிதத்தை ஒரு நிமிடம் திருப்பித் தாருங்கள், தலைவர் அவர்களே. பேனா இருக்கிறதா? நன்றி. எழுதுவதை வாய்விட்டே சொல்கிறேன், அரங்கம் முழுவதும் சாட்சியாக இருக்கட்டும்.

‘அன்றைய தேர்வில் விசைப்பலகையை இயக்கிய அறிவிப்பாளர் எந்தப் பிழையும் செய்யவில்லை. அவர் கை நடுங்கவில்லை. முதல் முறையும் சரியாகத்தான் தட்டினார். இரண்டாம் முறையும் சரியாகத்தான் தட்டினார். மூன்றாம் முறையும் சரியாகத்தான் தட்டினார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.’

கையொப்பம் இட்டுவிட்டேன். இதை இறங்கிவந்து நானே உன் மேசையில் தருகிறேன், அம்மா. தலைமை ஏற்ற பெருந்தகைக்கும், பொறுமையோடு செவி தந்த தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும், எங்களை நம்பிப் பிள்ளைகளை அனுப்பிய ஒவ்வொருவருக்கும் என் நன்றி. மேடையில் நிற்க எனக்கு இனித் தகுதியில்லை, வணங்கி இறங்குகிறேன். வணக்கம்.